தோல் சீமைப் புத்தகங்கள்

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பிரியாணி! சொல்லவே வேண்டாம், முகத்தில் தெரிகிறது. வேலூர் என்றால் கோட்டை, ஜெயில், பெரிய ஆஸ்பத்திரி. வாணியம்பாடி என்றால் மறுபடியும் பிரியாணி. தஞ்சாவூருக்கு என்று கதைகள் உண்டு, நெல்லைக்கு உண்டு, கரிசல் காட்டுக்கும் கொங்கு நாட்டுக்கும் உண்டு. வட ஆர்க்காட்டுக்கு? என்று கேட்டால் கொஞ்சம் இழுப்போம்.

இழுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்ளவே இந்தக் கட்டுரை. கடந்த இரண்டு மாதமாக இந்தச் சீமையை ஒட்டிய புத்தகங்களாகவே தேடிப் பிடித்துப் படித்தேன். மர்மக் கதை, வேட்டைக் கதை, நாவல், கவிதை என்று பாகுபாடு பார்க்கவில்லை. அபிப்பிராயங்களைச் சொல்கிறேன், ஒப்புக்கொள்வதும் சண்டைக்கு வருவதும் உங்கள் இஷ்டம்.

படிக்கும்போது மனத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று இந்தப் பாலாற்றங்கரை ஊர்களுக்குப் போனால் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் ஊர் வந்ததைச் சொல்லும். தோல் பதனிடும் வாடை. தலைமுறை தலைமுறையாக ஊருக்கே சோறு போடுகிற வாடை அது. அந்த வாடை எந்தப் புத்தகத்தில் அடிக்கிறது?

முதலில் மர்மம். "கொலை எத்தனையாவது பக்கம் ஸார்?" என்று கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தையே கையில் வாங்குகிற நண்பர் ஒருவர் எங்கள் காரியாலயத்தில் இருக்கிறார். அவருக்கு நான் சிபாரிசு செய்தது ஆரணி குப்புசாமி முதலியாரை. பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஆரணி, தமிழில் துப்பறியும் கதைக்கும் பேர் வாங்கிக் கொடுத்தது என்பது இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. 1925-இல் காலமான அவர், 'ஆனந்தபோதினி' பத்திரிகையில் பணியாற்றியவர். மேல்நாட்டுக் கதைகளைப் பிடித்து வந்து, வேட்டி கட்டி, நெற்றியில் திலகமும் இட்டுத் தமிழ்நாட்டில் நடமாடவிட்ட வித்தகர். ஆனந்தசிங் என்ற துப்பறியும் நிபுணரை உலவவிட்டவரும் அவர்தான்.

இன்று படித்தால் எப்படி இருக்கிறது? வேகம் இருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கதை ஓடிக்கொண்டே இருக்கும்போது ஆசிரியர் நம் கையைப் பிடித்து நிறுத்தி, நீதி போதனை செய்ய ஆரம்பித்துவிடுகிறார். திருடன் ஜன்னலில் ஒரு காலை வைத்தபடி காத்திருக்கிறான், ஐயா போதனையை முடிக்கட்டும் என்று! நண்பர் பாதியில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் முழுவதும் படித்தேன். ரத்னபுரியில் நடக்கிற ரகசியங்கள் எல்லாம் சரிதான். ரத்னபுரி எங்கே இருக்கிறது? லண்டனிலும் இல்லை, ஆரணியிலும் இல்லை. ஆகாயத்தில் இருக்கிறது.

மர்மக் கதைக்கு ஊர் வேண்டும் என்பதை எனக்கு உறுதிப்படுத்தியவர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர், வேட்டைக்காரர். 1957-இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் ஏலகிரி மலையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அண்ணாந்து பார்த்தால் தெரிகிறதே, அதே ஏலகிரிதான். இன்று படகு விடுகிறார்கள், பஜ்ஜி விற்கிறார்கள். ஆண்டர்சனைப் படித்துவிட்டு அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். பஸ்ஸின் ஜன்னலைத் தாமாகவே மூடுவீர்கள். அவருக்குத் தம்மைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அதிகம். ஆனாலும் காட்டுப் பாதையையும் கிராமத்து ஆட்களையும் அவர் அறிந்திருந்தார். அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

கொலையும் ரகசியமும்தான் வேண்டுமென்றால், வேலூர்க் கோட்டையைவிடப் பெரிய மர்மக் கதை எங்கே இருக்கிறது? 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, விடிவதற்கு முன்னால், கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அதற்குக் காரணமாக இருந்தவற்றில் ஒன்று, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. பார்த்தீர்களா, இங்கேயும் தோல்! தாடியை எடு, நெற்றிச் சின்னத்தை அழி, இந்தத் தொப்பி மாதிரியான வஸ்துவைத் தலையில் வை என்று கும்பெனியார் உத்தரவு போட்டார்கள். கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்களும், மைசூர்க் கொடியும், நடுராத்திரிச் சதியும் சேர்ந்து என்ன குறைச்சல் கதைக்கு?

இதைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் ஹென்றி நியூபோல்ட் 'கில்லெஸ்பி' என்ற பெயரில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையோடு பாய்ந்து வந்து கோட்டையை மீட்ட தளபதியின் பெயர் அது. சந்தத்தில் குளம்பொலி கேட்கிறது. சொல்லிக் கொடுக்காமலே குழந்தைகள் ஒப்பிக்கும், அப்படிப்பட்ட தாளம். அதில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. கோட்டைச் சுவரில் ஏறக் கயிறு கேட்கிறார் தளபதி. மேலே இருக்கிற வெள்ளைச் சிப்பாய்கள் தங்கள் வார்களை ஒன்றோடொன்று முடிந்து கீழே தொங்கவிடுகிறார்கள். தோல் குஞ்சத்தில் பற்றிய நெருப்பு, வார் பிடித்து ஏறி வந்தவரால் அணைக்கப்பட்டது! கவிஞர் இந்தப் பொருத்தத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். பின்னால் சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோடு நிறுத்திச் சுட்டுக் கொன்றார்களே, அதையும் அவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நல்ல தாளம், பாதிக் கதை. மீதிக் கதையை நம்மவர் யாராவது ஐம்பது வாரத் தொடராக எழுதினால் என்ன என்று ஆசிரியர் காதில் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி நாவல். இந்தச் சீமையின் பெரிய நாவலாசிரியர் என்றால் டாக்டர் மு.வ.தான். 1912-இல் பிறந்தவர். வாலாஜாவுக்கு அருகே உள்ள வேலம் அவருடைய சொந்தக் கிராமம். திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராக இருந்து, கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர். அவருடைய 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் மு.வ. நாவலைப் பரிசாகக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் அம்மாவின் பெயர் எழுதிய பிரதி ஒன்று இருக்கலாம்.

கல்லூரி நாளில் படித்த அந்த நாவலை இப்போது மறுபடி படித்தேன். இரண்டு சிநேகிதர்கள். சந்திரன் அழகன், கெட்டிக்காரன், எதிலும் முதல்வன். வேலய்யன் சாதாரணப் பிள்ளை. முன்னவன் வழுக்கிக்கொண்டே போகிறான். பின்னவன் நின்று எரிகிறான். வாலாஜாப் பக்கத்துத் தெருவும், பாலாற்று மணலும், பிள்ளைகள் பேசித் திரிகிற சாயங்காலமும் அத்தனை அமைதியாக வருகின்றன. பாலாற்றில் தண்ணீர் பார்க்காத பிள்ளைகளுக்கு அந்தப் பக்கங்களை மட்டுமாவது படித்துக் காட்ட வேண்டும். மு.வ. பிரசங்கம் செய்கிறார் என்ற புகார் பழையது. அதில் நான் சேரமாட்டேன். வேலய்யனின் வாயில் அது பிரசங்கமாக இல்லை. தம்பிக்கு அண்ணன் சொல்கிற மாதிரி இருக்கிறது.

என் வழக்கு வேறு. கெட்டு அலைந்த சந்திரனுக்கு முடிவில் வருகிற நோய், தொழுநோய். தப்பு செய்தான், மேனி அழிந்தது என்று வாசகர் கணக்கைத் தாமே முடித்துக்கொள்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் கண்ணீரோடு முடித்துக்கொண்டேன். ஆனால் வாலாஜாவுக்கு அதிக தூரத்தில் இல்லாத கரிகிரியில், 1955-இலேயே தொழுநோய்க்கென்று ஓர் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி திறந்தாகிவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். நோய் விரலைத் தின்பதில்லை. தோலில் உணர்ச்சி போய்விடுவதால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல், காயத்தின் மேல் காயம் பட்டே விரல் தேய்கிறது என்று கண்டு சொன்னவர் அவர். அந்தக் கால்களுக்கு வேண்டிய மெத்தென்ற செருப்புக்காகவும் அவரும் அவர் கூட்டாளிகளும் பாடுபட்டார்கள்.

நாவலில் அந்த நோய் ஒரு தீர்ப்பு மாதிரி வந்து இறங்குகிற அதே வருஷங்களில், அதே ஜில்லாவில், அது கிருமியால் வருவது, வைத்தியத்துக்குக் கட்டுப்படுவது என்று மெய்ப்பித்துக்கொண்டிருந்தார்கள். மு.வ.வைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்று நம் கதைகளும் சினிமாக்களும் எல்லாமே அப்படித்தான் இருந்தன. ஆனால் இன்றைக்கு ஒரு பெண்ணோ பிள்ளையோ 'அகல் விளக்கை'க் கையில் எடுத்தால், கூடவே டாரத்தி கிளார்க் வில்சன் 1965-இல் எழுதிய டாக்டர் பிராண்டின் வாழ்க்கை வரலாற்றையும் கொடுங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது, கடினமான நடை இல்லை. எந்தத் துப்பறியும் கதைக்கும் குறையாத விறுவிறுப்பு. இதில் தேடப்படும் குற்றவாளி, கண்ணுக்குத் தெரியாத மரத்துப்போதல்!

கவிதைக்கு வருகிறேன். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். பிறந்தது மதுரையில், 2017-இல் மறைந்தார். 1974-இல் வந்த 'பால்வீதி'யை இப்போது எடுத்தால், இரண்டு மூன்று கவிதைக்குமேல் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. வெற்றிலைக்குள் ஏலக்காய் மாதிரி ஒவ்வொன்றாகத்தான் கடிக்க வேண்டும். கஜல் என்ற உருது வடிவத்தைத் தமிழுக்குப் பழக்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தெருவில் உருதும் தமிழும் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிற வாணியம்பாடியில் அது நடந்ததில் ஆச்சரியம் இல்லை.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. தலைக்கு மேலே பால்வீதி. காலுக்குக் கீழே பாலாறு. கவிக்கோவின் பார்வை மேலேயே இருந்துவிட்டதோ? தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட அந்த ஆற்றுக்காகச் சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பை இந்தியா முழுவதும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு வரவேண்டியிருந்தது என்றால், நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அந்த வாடை எங்கே அடித்தது? முதலில் திண்டுக்கல்லில்! அங்கே வக்கீலாக இருந்த டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் 2012-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. ஊர் வேறானாலும் தொழில் ஒன்றுதான். உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புக் குழியில் இறக்கி, சவ்வைச் சீவி, பட்டைச் சாற்றில் பதனிடுகிற வேலை. மாட்டுத் தோல் பதமாகிறது. இறங்கி நிற்கிற மனிதனின் தோல் வெந்துபோகிறது. தனிக் கூட்டமாக ஒதுக்கப்பட்ட அந்த மனிதர்கள் சங்கம் கட்டி நிமிர்வதுதான் கதை. புத்தகம் தலையணை கனம். கூட்டங்களும் பேச்சுகளும் வரும் இடங்களில் நான் கொஞ்சம் வேகமாகவே புரட்டினேன். ஆனால் குழிக்குள் இறங்குகிற பக்கங்களைப் படித்துவிட்டு, வாசலில் விட்டிருந்த என் செருப்பைப் பார்த்தபோது பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

நம் சீமையிலிருந்தே எழுந்த குரல் என்றால் பேரணாம்பட்டு அழகிய பெரியவன். 2001-இல் வந்த 'தகப்பன் கொடி' நிலத்தை இழந்த தலித் குடும்பம் ஒன்றின் கதை. இங்கே பலர் ஏன் தோல் வேலைக்குப் போனார்கள் என்ற கேள்விக்கு, காலடியில் இருந்த மண் போன கதையில் பதில் இருக்கிறது. சினிமாவில் சிரிப்பு மூட்டுவதற்கென்றே ஒதுக்கிவைத்த வட ஆர்க்காட்டுப் பேச்சு, இவரிடத்தில் கோபிக்கிறது, அழுகிறது, காதலிக்கிறது. இரண்டு மாதத்தில் படித்தவற்றில் எது மேல் என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். குறை இல்லாமல் இல்லை. துயரம் விடாமல் அடுக்கடுக்காக வருவதால் நடுவே மூச்சுவிட இடம் தேட வேண்டியிருக்கிறது. மர்மக் கதை நண்பரிடம் கொடுத்தேன். "கொலை எந்தப் பக்கம்?" என்று வழக்கம்போலக் கேட்டார். "எல்லாப் பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம்" என்றேன். நாலு நாளாகியும் புத்தகம் திரும்பி வரவில்லை.

ஆம்பூர்க் கவிஞர் யாழன் ஆதியின் ஒரு தொகுப்புக்குச் 'செவிப்பறை' என்று பெயர். தோலால் ஆன பறை, காதிலும் ஒரு பறை. பெயரே பாதிக் கவிதை.

இந்த ஊர்களில் விடியற்காலையில் நின்று பார்த்தால், ஷூ கம்பெனி வேன்கள் வரிசையாக வரும். டிபன் டப்பாவும் கையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். அப்பன் சுண்ணாம்புக் குழியில் நின்றான். மகள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத நாட்டுக்காரியின் காலுக்கு ஜோடு தைக்கிறாள். அந்த வேனில் ஒரு நாவல் தினமும் போய் வந்துகொண்டிருக்கிறது. என் மேஜைமேல் இப்போது இருப்பது அழகிய பெரியவனின் 'வல்லிசை'. பறை அடிப்பவர்களைப் பற்றியது. அறுபது பக்கம் பாக்கி. மன்னிக்க வேண்டும், அதை முடித்துவிட்டு வருகிறேன்.