தானாகப் படிக்கவும் சொல்லித்தர வேண்டும்

கோபன்ஹேகனுக்குத் தென்மேற்கே கடலோரம் இருக்கிறது கார்ல்ஸ்லுண்டே. அந்த ஊர்ப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர் லெனி டாம். 1973-இல் அவருடைய வகுப்பில் 14 வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். நன்றாகப் படிப்பவர்களும் தடுமாறுபவர்களும் கலந்த வகுப்பு. பள்ளிக்கூடம் என்றாலே சலித்துப்போயிருந்த அவர்களிடம் எந்தப் பாடமும் ஒட்டவில்லை. என்ன படிக்கலாம், எப்படிப் பயிற்சி செய்யலாம் என்று முடிவெடுப்பதில் பிள்ளைகளையும் அவர் சேர்த்துக்கொண்டார். தாங்களே தேர்ந்தெடுத்த வேலை என்றதும் அவர்களுக்குப் பொறுப்பு வந்தது. வகுப்பின் போக்கே மாறியது.

பொறுப்பைக் கொடுத்துவிட்டு லெனி டாம் ஒதுங்கிவிடவில்லை என்பதுதான் முக்கியம். ‘இனி நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது எளிது. எப்படிப் படிப்பது என்று தெரியாத பிள்ளைக்கு அது உதவி ஆகாது. தானாகக் கற்கும் திறன் தானாக வருவதில்லை. இலக்கணத்தைப் போல அதையும் வகுப்பில் சொல்லித்தர வேண்டும்.

பிரான்சின் நான்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஹோலெக், ஐரோப்பிய மன்றத்துக்காக எழுதிய அறிக்கையில் இதைத் தெளிவாக வரையறுத்தார். தன் கற்றலின் பொறுப்பைத் தானே ஏற்கும் திறனே கற்பவரின் தன்னாட்சி என்றார். இலக்கை வகுப்பது, பாடத்தையும் முறையையும் தேர்வது, முன்னேற்றத்தைக் கவனிப்பது, முடிவில் மதிப்பிடுவது எல்லாம் அதில் அடங்கும். அது பிறவியிலேயே வருவதல்ல, பெரும்பாலும் முறையாகக் கற்றுப் பெறுவது என்பதும் அவர் கருத்து.

ஒரு நோட்டு செய்த வேலை

லெனி டாமின் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு இருந்தது. தேதி, இன்று செய்யப்போவது, செய்து முடித்தது, வீட்டுப்பாடம், கடைசியாக அன்றைய வேலையைப் பற்றிய தன் கருத்து என எல்லாவற்றையும் பிள்ளையே எழுத வேண்டும். தொடக்கத்தில் ‘நன்றாக இருந்தது’ என்ற ஒற்றை வரிதான் வரும். ஏன் நன்றாக இருந்தது, எது உதவியது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று கேட்கக் கேட்க, தான் கற்கும் விதத்தைத் தானே கவனிக்கும் பழக்கம் வளர்கிறது.

புதிதாக ஆங்கிலம் தொடங்கும் சிறுவர்கள், தங்களைச் சுற்றிக் கண்ணில் படும் ஆங்கிலச் சொற்களை வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். சொல் அட்டைகளையும் டோமினோ விளையாட்டையும் தாங்களே செய்து, ஒருவர் செய்ததை இன்னொருவர் பயன்படுத்தினார்கள். இருவர் இருவராக இரண்டு நிமிடம் ஆங்கிலத்திலேயே பேசுவதும் வழக்கமாக இருந்தது. லெனி டாமுடன் சேர்ந்து ஆய்வு செய்த ஜெர்மானியப் பேராசிரியர் லீன்ஹார்ட் லெகன்ஹவுசன், இந்தப் பிள்ளைகளின் சொல்வளத்தை ஜெர்மனியில் பாடநூல் வழியே படித்தவர்களின் சொல்வளத்துடன் ஒப்பிட்டார். பாடநூலை நம்பியிராத இவர்கள் பின்தங்கவில்லை.

உத்தியைக் காட்டுவது எப்படி?

நன்றாக மொழி கற்பவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்ற கேள்வியை 1975-இல் ஆய்வாளர் ஜோன் ரூபின் ஒரு கட்டுரையில் எழுப்பினார். அவர்கள் துணிந்து ஊகிக்கிறார்கள், தப்பாகிவிடுமோ என்று தயங்காமல் பேசுகிறார்கள், மொழியின் ஒழுங்குகளைத் தேடுகிறார்கள், தங்கள் பேச்சைத் தாங்களே கவனிக்கிறார்கள் என்றார். இந்த உத்திகளை மற்றவர்களுக்கும் கற்பிக்க முடியும் என்ற நம்பிக்கையே அந்தக் கட்டுரையின் பெரிய கொடை.

கற்பிப்பதற்கு நல்ல வழி, ஆசிரியர் தான் யோசிப்பதை உரக்கச் சொல்லிக் காட்டுவது. வாசிக்கும்போது தெரியாத சொல் வந்தால், “இது பெயரா, வினையா? முன்வாக்கியம் என்ன சொல்கிறது? இந்த இடத்தில் என்ன பொருள் பொருந்தும்?” என்று கேட்டுக்கொண்டு ஊகித்துவிட்டு, அதன்பிறகே அகராதியைத் திறக்க வேண்டும். அடுத்த பத்தியில் அதையே மாணவர்கள் செய்து பார்க்கட்டும்.

சொற்களை மனத்தில் நிறுத்தவும் உத்தி உண்டு. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவு நிலைக்கும் என்று 1885-இலேயே உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் காட்டியிருந்தார். 1972-இல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் அதை அறைகள் பிரித்த ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடக்கினார். சரியாகச் சொன்ன சொல்லின் அட்டை அடுத்த அறைக்குப் போகும். அதை எடுத்துப் பார்க்கும் இடைவெளி கூடும். தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். எந்தச் சொல்லுக்குக் கூடுதல் உழைப்பு தேவை என்பதை மாணவரே பார்த்துக்கொள்ளலாம். இதற்குச் செலவு என்று எதுவும் இல்லை.

தன்னை அளக்கவும் ஓர் அளவுகோல் வேண்டும். ஜெர்மனிக்கு வேலைக்குச் செல்ல விரும்பும் நம் ஊர்ச் செவிலியர்களுக்கு பி1, பி2 என்ற மொழித்திறன் நிலைகள் நன்கு தெரியும். 2001-இல் ஐரோப்பிய மன்றம் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளில் அவை அடங்கும். தேர்வுக்கான முத்திரையாக மட்டுமே அவற்றைப் பார்க்கிறோம். ஆனால் ‘என்னால் என்ன செய்ய முடியும்’ என்ற வாக்கியங்களாகவும் அவை எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொன்றையும் வாசித்து, முடியும், இன்னும் முடியாது என்று குறித்தால் அடுத்த இலக்கு கண்முன் நிற்கும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சிறிதாகத் தொடங்கலாம். மூன்று பயிற்சிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் என்ன செய்தேன், எது உதவியது, அடுத்து என்ன என்று மூன்று வரி எழுதவையுங்கள். அதைப் படித்துப் பதில் எழுதுங்கள். எந்த வகுப்பும் ஒரு மொழியை முழுதாகக் கொடுத்துவிட முடியாது. பெரும்பகுதியை மாணவர் பின்னாளில் தனியாகத்தான் கற்கப்போகிறார். அதற்கு அவரைத் தயார்செய்யும் ஐந்து நிமிடம், பாட நேரத்தில் வீணாகும் நேரம் அல்ல.