இரண்டு பேஸில் ஓடிய மோட்டாரும் எங்கள் புராஜெக்ட்டும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கவிதை எனக்கு வராது. அதனால் இறுதியாண்டு புராஜெக்ட்டில் நான் கற்றுக்கொண்டதை, இனிமேல் புராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். நான் முதலாமாண்டு படித்தபோது எங்கள் கிணற்று 5 எச்.பி. மோட்டார் எரிந்துபோனது. காயில் கட்டக் கொடுத்த பணம் என் அடுத்த பருவக் கட்டணத்திற்காக அம்மா சேர்த்து வைத்திருந்தது. அப்பா என்னைப் பார்த்து, "கரண்டும் இருந்துச்சு, மோட்டாரும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்புறம் எப்படிடா எரியும்?" என்று கேட்டார். எலெக்ட்ரிக்கல் படிக்கிற பையனுக்குப் பதில் தெரியவில்லை.

மூன்றாம் ஆண்டில் எங்கள் குழுவில் நான்கு பேர். ரெடிமேட் புராஜெக்ட் வாங்கிவிடலாம், ரெக்கார்டும் வைவா கேள்விகளும் சேர்த்தே தருகிறார்கள் என்று ஒரு நண்பன் சொன்னான். என் பங்குப் பணம் என்னிடம் இல்லை என்பதுதான் உண்மை. அதனால் அப்பாவின் கேள்வியையே புராஜெக்ட்டாக எடுக்கலாமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் மோட்டார் ஏன் எரிந்தது என்று பார்ப்போம். மூன்று பேஸில் ஒன்றின் பீஸ் போய்விட்டால், நின்றிருக்கும் மோட்டார் 'ம்ம்' என்று உறுமுமே தவிர சுற்றாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோ நிற்காது. அதே தண்ணீரை மீதி இரண்டு ஒயர்களில் வரும் மின்சாரத்தைக் கொண்டே இறைக்கப் பார்க்கும். இதைத்தான் சிங்கிள் பேசிங் என்கிறோம். அந்த ஒயர்களில் கரண்ட் சுமார் 1.73 மடங்கு (மூன்றின் வர்க்கமூலம்) ஆகிறது. 5 எச்.பி. மோட்டாருக்கு முழுச் சுமையில் சுமார் 7.5 ஆம்பியர் என்றால் அது 13 ஆம்பியர் ஆகிவிடும். சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஸ்டார் இணைப்பில் அந்த இரண்டு வைண்டிங்கிலும் சூடு 3 மடங்கு!

மீதி பீஸ்கள் ஏன் உருகவில்லை? மோட்டார் கிளம்பும்போது சில நொடிகள் ஏறக்குறைய 6 மடங்கு கரண்ட் இழுக்கும். அதைத் தாங்கும்படிதான் பீஸ் போட்டிருப்போம். 13 ஆம்பியர் அதற்குப் பெரிதல்ல. ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேதான் காப்பாற்ற வேண்டும். ஆனால் "சும்மா சும்மா ட்ரிப் ஆகுது" என்று அதன் செட்டிங்கை ஏற்றி வைத்துவிடுவது எங்கள் ஊரில் வழக்கம். அப்பாவும் அப்படித்தான் செய்திருந்தார்.

நாங்கள் போட்ட திட்டம் மிகச் சுலபமானது. ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒரு ரிலே. எந்த பேஸ் போனாலும் அதன் ரிலே விழும், மோட்டார் நிற்கும். மெஷின்ஸ் லேபில் சார் முன்னிலையில் சோதித்தோம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஐசோலேட்டரில் ஆர் பேஸை எடுத்தார்கள். ரிலே விழவே இல்லை! எங்கோ ஒயரிங் தப்பு என்று இரண்டு நாள் தேடினோம்.

தப்பு ஒயரிங்கில் இல்லை, எங்கள் யோசனையில்தான் இருந்தது. சார் வோல்ட்மீட்டரை வைத்துக் காட்டினார். எடுத்துவிட்ட பேஸிலும் வோல்டேஜ் இருந்தது. சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டாரின் காந்தப்புலம் அந்த மூன்றாவது வைண்டிங்கிலும் வோல்டேஜைத் தூண்டுகிறது. சுமை இல்லாமல் ஓடும்போது அது வழக்கமான வோல்டேஜுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே இருக்கும். செத்த பேஸுக்கு மோட்டாரே உயிர் கொடுத்து எங்கள் ரிலேயை ஏமாற்றிவிட்டது!

வோல்டேஜ் பொய் சொல்லலாம், ஆனால் அறுந்த ஒயரில் கரண்ட் ஓட முடியாது. ஆகவே ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சிறு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரைக் கோத்தோம். அதன் சிக்னலை டயோடுகளால் டி.சி.யாக்கி ஆர்டுயினோ உனோ போர்டுக்குக் கொடுத்தோம். அது 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள சிக்னலை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக மாற்றும். மூன்று எண்களில் மிகச் சிறியது, மிகப் பெரியதில் பாதிக்கும் கீழே 3 நொடி தொடர்ந்து இருந்தால் கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டி என்று புரோகிராம் எழுதினோம். மறுபடி ஆர் பேஸை எடுத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று... 'டக்' என்று கான்டாக்டர் விழுந்தது. அன்று நாங்கள் போட்ட சத்தம் ஆபீஸ் ரூம் வரை கேட்டதாம்!

நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பாடத்தில் வந்தது, டயோடு இன்னொன்றில், சி புரோகிராம் வேறொன்றில், மோட்டார் மற்றொன்றில். தேர்வுக்காகத் தனித்தனியாகப் படித்த இவையெல்லாம் எங்களுக்கு ஒன்றாகச் சேர்ந்தது அந்த மேஜை மேல்தான். ரெடிமேட் வாங்கியிருந்தால் ரிலே விழாத அந்த இரண்டு நாளும் கிடைத்திருக்காது.

டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர நினைப்பவர்களுக்கும் இது உதவும். சமநிலை கெட்ட மூன்று பேஸை, சமநிலையான மூன்று தொகுதிகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை ஃபோர்ட்டெஸ்க்யூ என்ற பொறியாளர் 1918-லேயே வெளியிட்டார். பி.இ. பவர் சிஸ்டம் பாடத்தில் அது வரும் என்று சார் சொன்னார். சேர இடம் கிடைத்தால், அந்தப் பாடம் எதற்காக என்று கேட்க வேண்டிய நிலை எனக்கு இருக்காது.

என் சிறிய வேண்டுகோள்கள்: உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள ஒரு கேள்வியைப் புராஜெக்ட்டாக எடுங்கள். தோற்றுப்போன சோதனையையும் ரெக்கார்டில் எழுதுங்கள். வைவாவில் எங்களை அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். 415 வோல்ட்டில் ஆசிரியர் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

எங்கள் கிணற்றில் இப்போது இருப்பது நாங்கள் செய்தது அல்ல. அது லேப் மாடல், மழையிலும் வெயிலிலும் தாங்காது என்று சார் சொன்னதால் கடையில் சிங்கிள் பேசிங் பிரிவென்டர் வாங்கி மாட்டினோம். ஓவர்லோடு ரிலேயையும் சரியான அளவில் வைத்தோம். "அப்ப நீ செஞ்சது எதுக்குடா?" என்றார் அப்பா. திண்ணையில் உட்கார்ந்து, சாக்பீஸால் மூன்று கோடு போட்டு, ஒன்றை அழித்து, மோட்டார் எப்படி எரிந்தது என்று சொன்னேன். முழுவதும் கேட்டார். மறுநாள் பக்கத்துக் காட்டுக்காரரிடம் அவரே கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை