கதிர் பட்ட எலியும் பதினைந்து மணித்தியாலமும்

ராத்தாவின் மகள் ஜப்பானில் ஆய்வு மாணவி. புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய ஆய்வொன்றுக்காக, அணு உலையில் நியூத்திரன் பாய்ச்சிய எலிகளைக் கையாள்வது அவளுடைய வேலை. போன மாதம் தான் தாயாகப்போகும் செய்தியைச் சொன்னாள். அன்றிலிருந்து ராத்தாவுக்கு நித்திரை இல்லை. "தம்பி, கதிர் பட்ட எலியத் தொட்டா கதிர் ஒட்டாதா? வேலைய விட்டுட்டு வரச் சொல்லட்டா?" என்று கேட்டார். நான் தமிழ் படித்தவன். விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு சரி. மருமகளிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எக்ஸ்ரே எடுத்த ஆளைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது. விளக்கை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் மிஞ்சுவதில்லையே, அதுபோலத்தான். நியூத்திரனின் குணம் வேறு. 1932இல் ஜேம்ஸ் சட்விக் கண்டறிந்த இத்துணிக்கைக்கு மின்னேற்றம் கிடையாது. ஆகவே அணுக்கரு அதைத் தள்ளிவிடாது; உள்ளே புகுந்து தங்கிவிடும். அப்படித் தங்கும்போது அந்த அணு வேறொரு சமதானியாக மாறுகிறது. பல சமயங்களில் அந்தப் புதிய சமதானி தானே கதிர் வீசத் தொடங்கும். 1934இல் உரோம் நகரில் என்றிக்கோ பேர்மி ஒவ்வொரு மூலகமாக எடுத்து நியூத்திரனால் தாக்கி இதைக் காட்டினார்.

எலியின் உடம்பில் அப்படி மாறுவது எது? முக்கியமாக, உப்பு. இரத்தத்திலுள்ள சாதாரண சோடியம் 23, சோடியம் 24 ஆகிறது. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 15 மணித்தியாலம். குளோரீன் 38க்கு 37 நிமிடம். பொசுபரசு 32க்கு 14 நாளுக்குச் சற்றுக் கூட. மனிதனுக்கும் இதே கதைதான். 1999 செப்டெம்பர் 30இல் ஜப்பானின் தொக்காய்முராவில் நடந்த விபத்தில் நியூத்திரன் பட்ட தொழிலாளர்களின் இரத்தத்தில் இந்தச் சோடியம் 24ஐ அளந்தே, அவர்கள் எவ்வளவு கதிர் வாங்கினார்கள் என்று மதிப்பிட்டார்கள்.

எனவே முதலாவது பாதுகாப்பு பொறுமை. 15 மணித்தியாலத்தில் சோடியம் 24 பாதியாகும், 30இல் கால்வாசி, 60இல் பதினாறில் ஒன்று. ஆறேகால் நாள் பொறுத்தால் ஆயிரத்தில் ஒரு பங்களவே மிஞ்சும். குளோரீன் ஆறேழு மணித்தியாலத்தில் அதே நிலைக்கு வந்துவிடும். ஆய்வு இடங்கொடுக்குமானால், எலிகளைத் தனியறையில் விட்டுவைத்து, மானியில் அளந்து பார்த்த பிறகே தொடவேண்டும். நாட்காட்டியை மட்டும் நம்பக்கூடாது, மானி சொல்லவேண்டும்.

பொறுக்க முடியாவிட்டால் தூரம் உதவும். சிறிய கதிர்மூலமொன்றிலிருந்து 10 சென்ரிமீற்றரில் இருக்கும் கையை ஒரு மீற்றருக்கு விலக்கினால் கதிர் நூறில் ஒன்றாகக் குறையும். நீண்ட இடுக்கியும், முன்கூட்டியே ஒத்திகை பார்த்த வேகமான கையும் அதனால்தான் தேவை. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: எக்ஸ்ரே அறையில் அணியும் ஈய மேலங்கியைப் போட்டுக்கொண்டால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். சோடியம் 24இன் காமாக் கதிர் மிக வலியது. அந்த மெல்லிய ஈயத்தை ஊடுருவிப் போய்விடும். அதை மறைக்கப் பல சென்ரிமீற்றர் தடிப்பான ஈயக்கட்டிகள் வேண்டும்.

ராத்தா கேட்ட "ஒட்டாதா" என்பதற்கு வருவோம். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் சூடு படும், விலகினால் போய்விடும். கரி ஒட்டினாலோ நாம் போகுமிடமெல்லாம் கூடவே வரும். எலியிலிருந்து வரும் காமாக் கதிர் சூடு மாதிரி. அதன் சிறுநீர், எச்சம், இரத்தம், கூட்டில் பரப்பிய மரத்தூள் என்பவை கரி மாதிரி. சோடியம் சிறுநீரோடு வெளியேறும். ஆகவே கையுறை அணியவேண்டும், அந்த அறையில் உண்ணவோ குடிக்கவோ கூடாது, மரத்தூளைச் சாதாரணக் குப்பையில் கொட்டாமல் கதிர் அடங்கும்வரை மூடிவைக்கவேண்டும்.

எலியை மட்டும் பார்த்து, அதோடு உலைக்குள் போனதை மறந்துவிடக்கூடாது. அலுமினியப் பெட்டியின் கதிரில் பெரும்பகுதி விரைவில் அடங்கும். ஆனால் காதில் குத்திய உலோக அடையாள வில்லையில் நாகம் இருந்தால், அதில் உண்டாகும் நாகம் 65இன் அரைவாழ்வு எட்டு மாதம். எலியின் உடல் அடங்கிய பிறகும் வில்லை அடங்காது. இதனால்தான் உலோகத்தைத் தவிர்த்து, பிளாஸ்ரிக் கூடுகளைப் பயன்படுத்துவது நல்லது.

1930களின் நடுவில் அமெரிக்காவின் பேர்க்லியில் சைக்கிளோத்திரனுக்குள் வைத்த எலியொன்று சில நிமிடங்களில் செத்துக் கிடந்தது. எல்லோரும் நடுங்கிப்போனார்கள். பிறகு பார்த்தால், அது செத்தது கதிரால் அல்ல, காற்றில்லாமல் மூச்சுத்திணறி. ஆனாலும் அந்தப் பயம் வீணாகவில்லை. அங்கே பாதுகாப்பில் கவனம் கூடியது. காரணம் பிழைத்திருந்தாலும் கவனம் பிழைக்கவில்லை.

ராத்தாவின் பயத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கதிர்த் தொழிலாளர்களுக்குச் சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணைக்குழு பரிந்துரைக்கும் எல்லை, ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவேட். கர்ப்பத்தை அறிவித்த பெண்ணின் வயிற்றுப் பிள்ளைக்கோ, மீதிக் காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1 மில்லிசீவேட்தான். "அறிவித்த" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சொல்லாவிட்டால் அந்தக் கணக்குத் தொடங்காது. மருமகளோ வீட்டுக்குச் சொன்னாளே தவிர, ஆய்வுகூடத்தில் வெட்கத்தால் சொல்லவில்லை.

அன்றிரவே ராத்தா போன் எடுத்தார். வேலையை விட்டு வரச் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையிலயே பாதுகாப்பு அதிகாரிட்டப் போய்ச் சொல்லு மகள்" என்றார். சொன்னாள். புதிதாகக் கதிர் பட்ட எலிகளை இப்போது வேறொருவர் பார்க்கிறார். இவள் நுணுக்குக்காட்டியில் இழையங்களைப் பார்க்கிறாள். ராத்தாவும் கொஞ்சம் நித்திரை கொள்கிறார்.