குழந்தையின் மூச்சில் சத்தம்: சளி மட்டும்தானா?

நம் சங்கத்தின் சென்ற பொங்கல் விழாவில் என் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். "என்ன சார், பிள்ளைக்குச் சளியா? மூச்சு இப்படிக் கர்கர்ரென்று இழுக்கிறதே!" என்று கேட்காதவர்கள் குறைவு. கற்பூரவல்லிச் சாறு கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. நாங்களும் சளி என்றுதான் நம்பியிருந்தோம். அது சளியல்ல என்று பிறகுதான் தெரிந்தது. மற்றக் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவன் 27 வாரத்திலேயே, 950 கிராம் எடையில் பிறந்தவன். ஐந்து வாரம் வெண்டிலேட்டரில் இருந்தான். மூச்சுக்குழாய்க்குள் வைத்த 2.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிறு குழாய்தான் அவன் உயிரைக் காப்பாற்றியது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே கிரிகாய்ட் என்ற குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. அதற்குக் கீழுள்ள வளையங்கள் குதிரை லாடம் போலப் பின்புறம் திறந்தவை. கிரிகாய்ட் மட்டும் வாஷர் போல முழு வட்டம். வெளிப்பக்கம் விரிந்து கொடுக்காது. குழாய் நாள்கணக்கில் அங்கே அழுத்தினால் உட்சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு இறுகி, பாதை குறுகும். குழாய் வைத்த எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி நேர்வதில்லை. நேர்ந்தாலும், சில சமயம் வீட்டுக்கு வந்து வாரங்கள், மாதங்கள் கழித்தே தெரியும்.

ரயில்வேயில் பிரேக் குழாய்களோடு காலம் கழித்தவன் நான். 4 மில்லிமீட்டர் துளையில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால், மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். பரப்பு கால்பங்காகும், சீரான ஓட்டத்துக்கே தடை 16 மடங்காகும். பெரியவர்களுக்குத் தொண்டைக்கட்டோடு போகும் வீக்கம், குழந்தைக்கு உயிராபத்து.

ஒரு ஜலதோஷ இரவில் அதைக் கண்ணால் கண்டேன். தொண்டைக்குழியும் விலா அடியும் உள்ளே இழுத்தன. உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முதலுதவி செய்துகொண்டே டியூட்டி டாக்டர் ஒரே கேள்வி கேட்டார்: "பிறந்தபோது குழாய் வைத்திருந்தார்களா?" அதுவரை வீஸிங் என்று மருந்து கொடுத்த டாக்டரிடம் நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. டிஸ்சார்ஜ் காகிதம் பீரோவில் பத்திரமாக இருந்தது!

மயக்கம் கொடுத்து உள்நோக்கிக் கருவியால் பார்த்தார்கள். பாதிக்கு மேல் அடைத்திருந்தது. பலூன் வைத்து இருமுறை விரித்தார்கள். அடைப்பு அதிகமானால் கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி செய்வதும், விலாக் குருத்தெலும்பு வைத்துப் பாதையை அகலப்படுத்துவதும் உண்டு. அவனுக்கு இதுவரை அவை தேவைப்படவில்லை.

அடையாளங்கள் இவை: வீஸிங் பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்கும், இந்தச் சத்தம் மூச்சை இழுக்கும்போதே கேட்கும். அழுகை கம்மிப்போயிருக்கலாம். பால் குடிக்கையில் திணறலாம். ஜலதோஷம் வரும்போதெல்லாம் மூச்சு முட்டலாம். உள்ளிழுப்போ நீலமோ தெரிந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாற்றல், கோடை விடுமுறை என்று ஊர் ஊராகப் போகிறவர்கள் நாம். ஒவ்வோர் ஊரிலும் புது டாக்டர். குறைமாதக் குழந்தை உள்ள வீட்டில், ரயில் டிக்கெட்டோடு அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தின் நகலும் பையில் இருக்கட்டும். கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்: "டாக்டர், இவனுக்குக் குழாய் வைத்திருந்தார்கள்."