மதிப்பெண்ணுக்காக ஒரு தீர்ப்பு

வருமான வரி அதிகாரி கூடுதல் வரி விதித்துவிட்டால் நாம் முதலில் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகிறோம். அவரும் அதே துறைக்காரர்தான். ஆனாலும் நடுநிலையாக முடிவு சொல்லவேண்டியவர்.

2018-19ஆம் ஆண்டுச் செயல்திட்டத்தில் மத்திய நேரடி வரிகள் வாரியம் இவர் வேலையையும் அலகுக் கணக்கில் அளந்தது. முடித்த வழக்குகளை எண்ணியதோடு நிற்கவில்லை. 'தரமான' உத்தரவுக்குக் கூடுதலாக 2 அலகுகள். எது தரம் என்கிறீர்களா? வரியை மேலும் உயர்த்துவது, கீழ் அதிகாரியின் உத்தரவை வலுப்படுத்துவது, அபராதம் விதிப்பது!

ரயில்வேயில் இருந்த எனக்கு இது ஆச்சரியமில்லை. வண்டியின் நேரந்தவறாமையைக் கடைசி நிலையத்தில் பார்ப்பதால், பேட்டைக்கும் திருவனந்தபுரம் சென்ட்ரலுக்கும் நடுவே அட்டவணையில் நிமிடங்கள் தாராளமாகக் கிடக்கும். கொல்லத்தில் தாமதமாக இறங்கியவர் கணக்கில் வருவதில்லை. ஆனால் அங்கே போவது நேரம் மட்டும். இங்கே ஒருவரின் சேமிப்பு.

வரி ஆலோசகர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் இந்த ஊக்க அலகுகளை ரத்துசெய்தது. அமெரிக்காவிலோ, வசூல் நடவடிக்கைகளின் கணக்கைக் கொண்டு வரி ஊழியரை மதிப்பிடலாகாது என்று 1998லேயே சட்டம் வந்தது.

ஆணையரின் முடிவு சரியில்லையென்று பட்டால், வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அது வரித்துறைக்குக் கட்டுப்பட்டதன்று, சட்ட அமைச்சகத்தின்கீழ் வருவது. நமக்கான அமர்வு கொச்சியில்.