பயனர் கையேட்டில் தொழில்நுட்ப விளக்கத்தின் அளவு: தமிழ் மென்பொருளை முன்வைத்து ஒரு நோக்கு

மென்பொருளுக்குப் பயனர் கையேடு எழுதுவோர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல், தொழில்நுட்பச் செய்திகளை எவ்வளவு சொல்வது என்பதாகும். குறைத்துச் சொன்னால் பயனர் இடையில் தடுமாறுவார். மிகுத்துச் சொன்னால் தொடக்கத்திலேயே கையேட்டை மூடிவிடுவார். நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் குன்றக்கூறலையும் மிகைபடக்கூறலையும் முதலிரண்டாக வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக் கொண்டு இவ்வளவினை வரையறுக்கும் நெறியொன்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கையேட்டின் அளவை அதன் பயனரே தீர்மானிக்கிறார். கேமரன் மலையில் போ, சுங்கை பாலாஸ் முதலிய தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்த தமிழ்ப்பள்ளிகள் குறைந்த மாணவர்களைக் கொண்டவை. அங்குப் பயிற்சித்தாளைத் தட்டச்சு செய்யும் ஆசிரியர் தமிழறிந்தவர். கணினியியல் அறிந்தவராக இருக்கவேண்டியதில்லை. சிக்கல் எழும்போது வல்லுநரை உடனே அழைக்கும் வாய்ப்பும் நகரத்தில் உள்ளதுபோல் அமைவதில்லை. ஆகவே, அவருக்குக் கையேடே துணை.

1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். உயிரெழுத்துகள் இடப்புறத்திலும் மெய்யெழுத்துகள் வலப்புறத்திலும் அமைந்துள்ளன என்பது பயனருக்கு வேண்டிய செய்தி. ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை அழுத்தினால் முதலெழுத்து தானே புள்ளி பெறும் என்பதும் வேண்டியதே. இதனை அறியாதவர் ‘பப்பாளி’ என்று எழுத முயன்றால் தொடக்கத்திலேயே ‘ப்ப’ தோன்றும். முதல் பகரத்தின்பின் அகர விசையை அழுத்தவேண்டும் எனும் ஒரு வரி அவரது இடரைத் தீர்த்துவிடும். ஆனால், புள்ளியிடும் நிரல் எவ்வாறு இயங்குகிறது என்பது அவருக்கு வேண்டுவதன்று.

குறியாக்கச் செய்தி இதனினும் இன்றியமையாதது. யூனிகோடு பரவுவதற்கு முன்னர் டிஸ்கி, டாம், டாப் முதலிய குறியாக்கங்கள் வழங்கின. அவற்றில் தட்டச்சு செய்யப்பெற்ற வினாத்தாள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். காரணம் அறியாத ஆசிரியர், கோப்பு பழுதுற்றதெனக் கருதிப் பல்லாண்டு உழைப்பை அழித்துவிடக்கூடும். “எழுத்துகள் அழியவில்லை, பழைய குறியாக்கத்தில் உள்ளன, மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றுக” என்னும் விளக்கம் கையேட்டில் இருந்தே ஆகவேண்டும். யூனிகோடில் தமிழுக்குரிய 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையிலான குறியெண் அட்டவணையோ பின்னிணைப்புக்கு உரியது.

இவ்விரு சான்றுகளினின்றும் ஒரு நெறி புலனாகிறது. பயனர் முடிவொன்றை எடுப்பதற்கோ, தவற்றைத் திருத்துவதற்கோ, இழப்பைத் தவிர்ப்பதற்கோ உதவும் தொழில்நுட்பச் செய்தி கையேட்டுக்குள் இடம்பெறவேண்டும். ஏனையவை வல்லுநர்க்குரிய தனிநூலில் அமையலாம். இப்பாகுபாடு தமிழ் மரபுக்குப் புதிதன்று. நன்னூல் உரையைக் காண்டிகை, விருத்தி என இருவகைப்படுத்துகிறது. கற்போர்க்கு முன்னது, ஆழ்ந்து ஆராய்வோர்க்குப் பின்னது. பயனர் கையேடு காண்டிகையாக அமையட்டும். ஆயின், காண்டிகையும் பொருளை விளக்கியாக வேண்டும். சுருக்கத்தின் பெயரால் விளக்கத்தை விடுவது குன்றக்கூறலேயாகும்.