உங்களுக்குத் தெரியுமா? மிதித்து வந்த தன்னம்பிக்கை

நார்த்தாமலையும் குடுமியான்மலையும் உள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990-களின் தொடக்கத்தில் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் கல் உடைத்தவர்களும், வயலில் கூலி வேலை செய்தவர்களும் அவர்களில் உண்டு. எழுத்தறிவு ஊட்ட வந்த அறிவொளி இயக்கம், சைக்கிளையும் ஒரு பாடமாக்கியது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்தார்.

லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! கிண்டலும் வசவும் வராமல் இல்லை. ஆனாலும் ஓட்டினார்கள். பஸ்ஸுக்காகவோ, கொண்டுபோய் விடும் அண்ணன் தம்பிக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் எடுக்கலாம், விளைந்ததை விற்றுவரலாம்.

இதை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், வருமானத்தைவிடத் தன்மான உணர்வே பெரிது என்று அந்தப் பெண்கள் கருதியதைப் பதிவுசெய்திருக்கிறார். இத்தகைய தன்னம்பிக்கை எப்படி வளர்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார்: 'என்னால் முடியும்' என்ற எண்ணம் மிக உறுதியாக வளர்வது, ஒன்றைத் தானே செய்து முடித்த அனுபவத்தில்தான். கூடவே தன்னைப் போன்ற இன்னொருத்தி ஓட்டுவதைப் பார்ப்பதும் துணிவு தரும். தன்னம்பிக்கையும் மனநலத்தின் பகுதிதான்; எனவே மனநலம் பற்றிய பேச்சில் இந்தப் பெண்களுக்கு முதல் வரிசையில் இடம் தரவேண்டும்.